பின் சீட்டைப் பார்க்க வந்தவர்கள்

பழைய கார் ஒன்றை விற்றுப் பார்க்காதவர்களுக்கு மனிதர்கள் மேல் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கும். எனக்கு இல்லை. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடரை விற்கப் புறப்பட்டேன். புரட்டாசியில் ஆரம்பித்துத் தை பிறப்பதற்குள் அந்த மரியாதை முழுக்கத் தீர்ந்துபோனது. இன்றைக்கும் யாராவது ஒரு பொருளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் குமட்டுகிறது. தேங்காய் வாங்குகிறவர்கள் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன்.

வண்டி என் பேரில் இருந்தது. வாங்கும்போது என் வீட்டுக்காரர் ஒரு ஜோசியரிடம் கேட்டாராம். பெண்டாட்டி பேரில் வாங்கினால்தான் வாகனம் தங்கும் என்று அவர் சொன்னாராம். அப்படித்தான் எனக்கென்று ஒரு சொத்து வந்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தார்கள். ஒரு சித்திரை மாத மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அன்றைக்கு முழுவதும் கார் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. இதை இங்கேயே நன்றாகச் சொல்லி வைத்துவிடுகிறேன். பின்னால் வந்த கேவலம் எல்லாம் இதை வைத்துத்தான்.

அவருடைய அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வீடு அத்தானுடையது. தறிக்கூடமும் அத்தானுடையது என்று கருமாதி முடிந்த மறுநாளே தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். அதை வைத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வருவேன். வந்ததும் அத்தான் வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் தோசை சுட வேண்டும். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் நான் எதிரே வரக் கூடாது. என் சேலையைக் கொல்லைக் கொடியில்தான் காயப்போட வேண்டும், முன்பக்கம் கூடாது. என் மகள் ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு ஒரு பென்சில் வேண்டும் என்றாலும், "பெரியப்பாகிட்ட கேளு" என்று அந்த வீட்டில் பழக்கிவிட்டார்கள்.

என் பள்ளிக்கூடத்துத் தெருவில் ஒரு ஓட்டு வீடு விலைக்கு வந்தது. ஒரு ராவுத்தர் வீட்டு அம்மா அதில் தனியாக இருந்தார். மதுரையில் மகனோடு போய் இருக்கப் போகிறார். இரண்டே அறை, பின்னால் ஒரு கிணறு, முன்னால் வெயில் விழுகிற ஒரு கொடிக் கம்பி. அந்தக் கொடியைப் பார்த்ததுமே எனக்கு அந்த வீடு வேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்த அம்மா என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தை பொறக்குற வரைக்கும் வேற ஆளுக்கு வாக்குக் குடுக்க மாட்டேன் டீச்சர். அதுக்குப் பொறவு எம் மகன் சொல்றதுதான்." அந்த வீட்டு விலையும், நல்ல விலை கிடைத்தால் என் கார் விலையும் கிட்டத்தட்ட ஒன்று. வண்டி போனால் வீடு வரும். வீடு வந்தால் நானும் மகளும் அங்கிருந்து கிளம்பலாம். எனக்கு வேறு கணக்கே இல்லை.

அத்தானிடம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "ஒன் இஷ்டம் தாயி. வார ஆளுகள நான் பாத்துப் பேசிக்கிடுதேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

ஆட்கள் சனி, ஞாயிறுகளில் வந்தார்கள். வருகிறவர் எவராக இருந்தாலும் என்னைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "வீட்ல ஆம்பளைக யாரும் இல்லையா?" வண்டிக்காரி நான்தான், என்னிடமே கேளுங்கள் என்றால், தலைக்கு மேலாக எட்டி வீட்டுக்குள் பார்ப்பார்கள். ஏதோ தூண் மறைக்கிற மாதிரி. அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால்தான் அவர்களுக்கு மூச்சே வரும்.

ஒருவர் காந்தம் கொண்டு வந்தார். அடிபட்டு, பட்டி வைத்துப் பூசின இடத்தில் காந்தம் ஒட்டாதாம். கதவு கதவாக ஒட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் சப்பென்று ஒட்டியது. அதற்கும் முகத்தைச் சுளித்தார். "தகரம் ரொம்ப கனமா இருக்கு, பெட்ரோல் குடிக்குமே" என்றார். இன்னொருவர் காபி குடித்து, முறுக்குத் தின்று, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நம்பர் பிளேட் முன்னால் குந்தி உட்கார்ந்து விரலை மடக்கினார். "கூட்டுனா எட்டு வருது டீச்சர். சனி நம்பரு." நான் சொன்னேன்: "வாசல்ல வரும்போதே நம்பர் தெரிஞ்சிருக்குமே அண்ணாச்சி. முறுக்கு தீந்த பொறவுதான் கூட்ட வந்துச்சாக்கும்." அவர் அத்தானைப் பார்த்துச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். "படிச்ச பிள்ளை, அப்படித்தான் பேசும்."

டயரை உதைப்பார்கள். எதற்கு உதைக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஹாரனை அடிப்பார்கள். கண்ணாடியில் தலை சீவுவார்கள். டிக்கியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். கடைசியில் ஒன்று செய்தார்கள், அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பின்கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பின் சீட்டைப் பார்த்தார்கள். உட்காரவில்லை. ஒருவர் சீட்டை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அழுக்கே இல்லாத சீட்டு அது. முந்தின நாள்தான் நான் துடைத்திருந்தேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துத் தங்களுக்குள் தெலுங்கில் பேசினார்கள். எங்கள் அம்மா வீட்டுக்கு அடுத்த வீடு தெலுங்கு பேசுகிறவர்கள் வீடு, எனக்கு நன்றாகவே புரியும். "எந்தப் பக்கம்னு கேளேன்" என்றான் தம்பி. "எந்தப் பக்கமா இருந்தா நமக்கென்ன, வா போவோம்" என்றான் அண்ணன். ஸ்பிரிங் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று பேசுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் மகாராஜபுரத்திலிருந்து ஒரு தோப்புக்காரர் டிரைவரோடு வந்தார். தூரத்துக்கு ஓட்டிப் பார்த்தால்தான் இன்ஜின் யோக்கியதை தெரியும் என்றார். அத்தான் சாவியைக் கொடுத்துவிட்டார். "நம்பிக்கையான ஆளு, செத்த நேரத்துல வந்துருவாரு." காலையில் போன வண்டி விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தது. உள்ளே பார்த்தேன். புளியோதரைப் பருக்கை, சந்தனம், பிள்ளை முடி, பிய்ந்த துளசி. மனுசன் குடும்பத்தோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்று ஒரு குன்று இருக்கிறதே, அந்தப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பேரனுக்கு முடி இறக்கிவிட்டு வந்திருக்கிறார்.

"பேரனுக்கு ஒரு வேண்டுதல் கெடந்துச்சு. அப்படியே ட்ரையலும் பாத்தாச்சு" என்றார்.

"சரி, வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இழுவை பத்தல டீச்சர்."

"ஊரையே ஏத்திட்டுப் போனா எது இழுக்கும்? பெட்ரோலாவது போட்டீகளா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாங்குற எண்ணம் இருந்தா போட்டிருப்போம்" என்றார். இதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும். அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை.

நானும் மகளும் வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கழுவினோம். பின் சீட்டுக்கு அடியில் மஞ்சள் தடவின ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்தது. பெருமாள் கோயிலில் எவன் எலுமிச்சம்பழம் கொடுக்கிறான் என்று திட்டிக்கொண்டே அதைச் சாக்கடையில் எறிந்தேன். மகள், கிடந்த துளசியில் வாடாத ஒரு கொத்தைப் பொறுக்கிச் சீட்டின் இடது ஓரத்தில் வைத்தாள். அந்த ஓரத்தை மட்டும் அவளே துடைக்கிறேன் என்றாள். விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் அத்தான் ஒரு தரகரைக் கூட்டி வந்தார். மாட்டுத் தரகராக இருந்து காருக்கு மாறியவர். மாட்டைத் தடவுகிற மாதிரியே வண்டியை முதுகில் தடவினார். விலை பேசுவதும் மாட்டுச் சந்தை முறைதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும், மேலே ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்து விலையைச் சொல்ல வேண்டும், ஒரு முழு விரல் பிடித்தால் ஒரு பத்தாயிரம், பாதி விரல் என்றால் அதில் பாதி. வாயைத் திறந்தால் சுற்றி நிற்பவர்கள் காதில் விழுந்து பேரம் கலைந்துவிடுமாம். நல்ல முறைதான். ஆனால் விற்கிறவள் பொம்பளை என்றால் அவள் கையைத் துண்டுக்குள் யார் பிடிப்பது?

"வண்டி என்னது. எங்கிட்ட பேசுங்க" என்றேன்.

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வீட்டுப் பொம்பளப்பிள்ளை கையப் புடிச்சு வெல பேசுனா ஊரு என்னைய மிதிச்சே கொன்னுரும் தாயி."

ஆக, என் காருக்கு அத்தான் கை போனது. என் கண் முன்னால், என் வண்டிக்குப் பக்கத்தில், இரண்டு ஆண்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலை நெருடுவார்கள். ஒருவர் தலையாட்டுவார், ஒருவர் உதட்டைச் சுழிப்பார். நான் நிலைப்படியில் நின்று அவர்கள் மூஞ்சியைப் பார்த்து விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் அத்தான் வந்து, "அம்புட்டுதான் கேக்காக தாயி, காலம் கெட்டுக் கெடக்கு" என்று ஒரு விலை சொல்வார். அது ஓட்டு வீட்டு விலையில் பாதிகூட வராது. ஒவ்வொரு தடவையும் இதே. அந்தத் துண்டைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கும், உள்ளே ஏதோ அசிங்கம் நடக்கிற மாதிரி.

கார்த்திகை கடைசியில் தளவாய்புரத்திலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்தார்கள். நைட்டி தைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிற வியாபாரம். அந்த அக்கா கட்டையாக, கறுப்பாக, காதில் பெரிய தோட்டோடு இருந்தார். இன்ஜின் பக்கம் போகவே இல்லை. டிக்கியைத் திறந்து எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கையை விரித்து அளந்தார். புருசன் அத்தானோடு துண்டுக்குள் கையை விட்டார். அத்தான் திரும்பி வந்து வழக்கமான அந்தப் பாதி விலையைச் சொன்னார்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். "வண்டி ஆரு பேர்ல இருக்கு?"

"என் பேர்ல."

"பொறவு என்ன? ஆம்பளைக பேசுனது பேசட்டும். நம்ம கையி நம்மகிட்டதான இருக்கு" என்று சொல்லி, டிக்கிக்குப் பின்னால் என்னை இழுத்து, தன் முந்தானையை எடுத்து எங்கள் இரண்டு பேர் கை மேலும் போட்டார். பொம்பளையும் பொம்பளையும் பேசினால் யார் மிதிக்கப் போகிறார்கள்? அத்தனை வாரமாக எனக்கு இது தோன்றவில்லை, அங்கே இருந்த எவருக்கும் தோன்றவில்லை. தடித்த, ஊசி குத்திய விரல்கள் அவருக்கு. என் விரல்களைப் பிடித்தார். அத்தான் சொன்ன விலையைவிட ஒரு முழு விரல் கூட இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு ஒங்க மூத்தாருகிட்ட சொன்னதும் இதுதான்" என்றார் குரலைத் தாழ்த்தி.

அத்தான் ஒரு விரலை முழுங்கிவிட்டுத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அந்த அக்கா விரலைப் பிடித்து, வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "நல்ல வண்டின்னா குடுக்கலாம் தங்கச்சி. சாவு விழுந்த வண்டிக்கு யாரு குடுப்பா?"

"என்ன சாவு?"

"ஒங்க வீட்டுக்காரரு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இந்தப் பின் சீட்டுலதான உசுர விட்டாரு? அத வச்சுத்தான எல்லாரும் வெல கேக்காக. ஒங்க மூத்தாரு மறைக்காம மொதல்லயே சொல்லிட்டாரு. நல்ல மனுசன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு."

வேட்டியில் துடைத்த கை, மஞ்சள் தடவின எலுமிச்சம்பழம், எந்தப் பக்கம் என்று கேட்ட அந்தப் பையன், எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் முதலில் தெருமுனை வரை கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வருவார் அத்தான். மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன். வரும் வழியில் இதைச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரர் சோத்துக்கு முன்னாடி உக்காந்தமேனிக்குப் போனாரு அக்கா. வண்டி அன்னைக்கு ஷெட்டுக்குள்ள நின்னுச்சு" என்றேன்.

"நான் நம்புதேன் தங்கச்சி. ஆனா ஊரு நம்பிருச்சே. வாங்குன வண்டிய நானும் ஒரு நா விக்கணும்ல?" என் கையை விட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அவர் மேலும் வெறுப்பாகத்தான் வந்தது. உண்மை தெரிந்தும் பொய்க்கு உள்ள விலையைத்தான் கொடுப்பேன் என்கிறாளே இந்தப் பொம்பளை என்று பல்லைக் கடித்தேன்.

அவர்கள் போன பிறகு அத்தானிடம் நேராகக் கேட்டேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. "வெல வராட்டி வண்டி நம்ம வீட்டுலயே நிக்கட்டும்னுதான். நானே எடுத்துக்கிடுதேன். வண்டி போச்சுன்னா நீ போயிருவ. நம்ம வீட்டுப் பிள்ளைய எங்கயோ ஓட்டு வீட்டுல வச்சு நீ எப்படி வளப்ப? ஒனக்கு நல்லதத்தான் நெனச்சேன்" என்றார். தம்பியின் சாவை எடுத்துக் கூறுபோட்டு விற்றுவிட்டு, எனக்கு நல்லது நினைத்தாராம். அந்த வெற்றிலை வாயில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. அவர் வீட்டில் நின்றுகொண்டு எப்படித் துப்புவது?

வேறு ஒன்று செய்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஷெட்டில் இருந்த வண்டியை எதிர்வீட்டு டிரைவரிடம் சொல்லித் தெருவோரமாக நிறுத்தச் சொன்னேன். ஒரு தூக்குச் சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு மகளையும் கூட்டிப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கதவு இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஊரே பார்க்கச் சாப்பிட்டோம். மறுநாளும் சாப்பிட்டோம். மார்கழி முழுக்க அப்படித்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். சாவு விழுந்த சீட்டில் யாராவது பிள்ளையை வைத்துச் சோறு ஊட்டுவார்களா, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஊர் அதற்கும் ஒன்று வைத்திருந்தது. "புருசன் கூட உக்காந்து சாப்பிடுதா, பாவம்" என்று தெருக்கோடியில் பேசிக்கொண்டார்களாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மகள் மட்டும் சந்தோசமாக இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளே தூக்குச் சட்டியை எடுத்து வைப்பாள். சீட்டின் நடுவில் உட்காருவாள், ஓரத்துக்கு வா என்றால் வர மாட்டாள்.

மார்கழி முடியப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அம்மாவின் மகன் வேறு ஆளைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போனான். "எம் வாக்கு தை பொறக்குற மட்டும்தான் டீச்சர்" என்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த வாரம் தளவாய்புரத்து அக்கா திரும்ப வந்தார். இந்தத் தடவை டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நானும் மகளும் பின் சீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் நின்று பார்த்தார். அத்தான் வாசலுக்கு வந்து நின்றார். நான் வாயில் சோற்றோடு, "ஏறி உக்காருங்க அக்கா" என்றேன். அவர் சுற்றி வந்து இடது பக்கக் கதவில் கையை வைத்து உள்ளே குனிந்தார்.

"அங்க உக்காராதீங்க" என்றாள் என் மகள். "அது எங்கப்பா எடம்."

அந்த அக்கா குனிந்தபடியே நின்றார். மார்கழி முழுக்க ஊர் சிரிக்க உட்கார்ந்து நான் எதை இல்லை என்று காட்டப் பார்த்தேனோ, அதை என் வயிற்றில் பிறந்ததே வாங்குகிறவர் முன்னால் சொல்லிவிட்டது. ஓட்டு வீடும் கொடிக் கம்பியும் போய்விட்டன என்று அந்த நிமிடமே நினைத்தேன்.

"யாருட்டி சொன்னா ஒனக்கு?" என்றேன்.

"பெரியப்பா. அப்பா கார்லதான் செத்தாகளாம், கார்லதான் இருக்காகளாம். வித்தா போயிருவாகளாம். விக்க வேண்டாம்னு அம்மாகிட்ட அழுன்னு சொன்னாக. நான் சொல்லல. சொன்னா நீ அழுதுருவேல்ல."

தெருவில் நின்ற இரண்டு பெண்கள் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்: "பயமா இல்லையா தாயி, இதுல உக்காந்து சாப்பிட?"

மகள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்கப்பா தான?" என்றாள்.

அந்த அக்கா நிமிர்ந்தார். அத்தானைப் பார்த்து, "யாவாரத்துல நானும் பொய் சொல்லிருக்கேன்யா. பச்சப்பிள்ளைகிட்ட சொன்னதில்ல" என்றார். முந்தானையை எடுக்கவில்லை, விரலைப் பிடிக்கவில்லை. தெருவே கேட்க வாயைத் திறந்து விலையைச் சொன்னார். அன்றைக்கு டிக்கிக்குப் பின்னால் நான் அவர் விரலில் சொன்ன அதே விலை. "குடும்ப விசயத்தத் தெருவுல வச்சு…" என்று அத்தான் ஆரம்பித்தார். "வெலய நீரு தெருவுலதான கெடுத்தீரு" என்று அக்கா முடித்துவிட்டார். அவ்வளவு பெரிய மனசோடு சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே என் பக்கம் திரும்பி, "டேப் ரெக்கார்டரக் கழட்டக் கூடாது. ஸ்டெப்னி டயரும் இதேதான் இருக்கணும்" என்றார். வியாபாரி வியாபாரிதான். ஆனாலும் அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். வண்டியை எடுக்கும்போது எங்களையும் சாமான்களையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட வேண்டும். சரி என்றார். தை பிறப்பதற்கு முன்பே அந்த அம்மாவிடம் பணத்தைக் கொடுத்துவிட்டேன். தை பிறந்து சாவி வாங்கின மறுநாள் காலையில் கிளம்பினோம். அத்தான் வெளியே வரவில்லை. முன்சீட்டில் பாத்திர மூட்டை, டிக்கியில் பாயும் தலையணையும். பின் சீட்டில் நானும் மகளும். டிரைவர் ஒரு பையை எடுத்து இடது ஓரத்தில் வைக்கப் போனார். மகள் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அந்த ஓரம் காலியாகவே வந்தது. வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

சாமான்களை இறக்கிவிட்டு வண்டி தெருவில் பின்னால் வந்து திரும்பியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். வண்டி முனையில் மறைந்த பிறகு கேட்டாள்:

"அப்பாவையும் சேத்தா வித்துட்ட?"

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த மத்தியானத்தைச் சொன்னேன். இலை, ரசம், சுவர், டாக்டர், ஷெட்டிலேயே நின்ற வண்டி, எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பெரியப்பா பொய் சொன்னாகளா?" என்றாள். "ஆமா" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு வேண்டியது என் உண்மை இல்லை. காரில் அப்பா இருந்தார், வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வண்டி அதற்குப் பிறகும் நைட்டி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்துபோனது. தொண்ணூறுகளின் நடுவில், மகள் பெரிய வகுப்புக்கு வந்த பிறகு, ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். வண்டி எங்களைக் கடந்து போனது. வெள்ளை பழுத்து மஞ்சளாகியிருந்தது, பின் சீட்டு முழுக்க மூட்டை. அவளுக்கு அப்போது உண்மை நன்றாகவே தெரியும். அதைப் பற்றி நாங்கள் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஆனாலும் வண்டி திரும்புகிற வரைக்கும் இடுப்புக்குப் பக்கத்தில், நான் பார்க்காதபடி, கையை மெதுவாக ஆட்டினாள். நான் பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அத்தான் செத்தபோது நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று சொன்னேன்.